தேடவும் எடுக்கவும் எங்கே முடியும்? கீழக்கரையிலிருந்து கல்லும் பொன்னும் தேடிக் கிளம்புவோருக்கு ஓர் ஒப்பீடு

என் லாத்தா (அக்கா) மகன் கல்லூரியில் நிலவியல் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 40,000 ரூபாயோடும் 15 நாள் விடுப்போடும் சென்ற ஐப்பசியில் கீழக்கரைக்கு வந்திருந்தான். தன் கையால் தேடிக் கண்டெடுத்த ஒரு மணிக்கல்லோ ஒரு பொட்டுப் பொன்னோ தன் மேசையில் இருக்க வேண்டும், அதை விற்கப் போவதில்லை, எங்கே போகலாம் என்பதுதான் அவன் கேட்டது. கொழும்புக்கும் இரத்தினபுரிக்கும் போய்க் கல் வியாபாரம் செய்தவர்களின் ஊரில் பிறந்தவனுக்கு இப்படி ஓர் ஆசை வருவதில் வியப்பில்லை. "கடக்கரையில கெடக்குற கல்ல எடுத்தா யாரு மாமா கேக்கப்போறா?" என்றும் கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பதால், அவனுக்காக நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். அங்கே தேடுவதற்கு அனுமதி உண்டா என்பது ஒன்று. கிடைத்தது யாருக்குச் சொந்தம் என்பது மற்றொன்று. தேட விடுகிற இடமெல்லாம் எடுத்துக்கொள்ள விடுகிற இடமல்ல. இந்தியாவில் இவ்விரண்டையும் ஆள்வது 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம். உரிமமோ குத்தகையோ இல்லாமல் எவரும் கனிமம் தேடவோ எடுக்கவோ கூடாது என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. பொழுதுபோக்காகத் தேடுபவர் என்றொரு வகையே இந்தச் சட்டத்தில் இல்லை. நிலம் சொந்தமாக இருந்தாலும் நிலைமை மாறுவதில்லை. கேரள நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல், அடிமண்ணில் இருக்கும் கனிமம் பொதுவாக நிலத்துக்காரருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அதைத் தோண்டி எடுப்பதற்கு உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

முதலில் நம் கடற்கரை. வாலிநோக்கம் பக்கம் அலை ஏறி இறங்கிய பிறகு வெள்ளை மணலின்மேல் கருப்பும் செம்மையுமாகக் கோடுகள் விழுந்திருப்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அதைத்தான் தாதுமணல் என்கிறோம். இல்மனைட், கார்னெட், ரூட்டைல், சிர்க்கான், சிலிமனைட், மோனசைட் முதலியவை கலந்த மணல் அது. அலை மணலை அள்ளிக்கொண்டு திரும்பும்போது வெள்ளை மணலாக இருக்கும் இலேசான குவார்ட்ஸை இழுத்துப் போய்விட்டுக் கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, வைரம் 3.5, கார்னெட்டும் கெம்பு, நீலம் ஆகியவற்றின் மூலமான குருந்தமும் ஏறக்குறைய 4, இல்மனைட் 4.7, பொன் 19.3. உலகில் எங்கே கல்லோ பொன்னோ அரித்தாலும் இந்த எண்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை வைத்துத்தான் அரிக்கிறார்கள்.

இதை அவனுக்கு விளக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. உம்மா அரிசி அரிக்கும் முறையை நினைவூட்டினேன். இப்போது கல் நீக்கிய அரிசி கடையில் கிடைப்பதால் அந்தப் பழக்கம் போய்விட்டது. அப்போதெல்லாம் இரண்டு சட்டியை வைத்துக்கொண்டு, தண்ணீரை ஒரு பக்கமாகச் சுழற்றி, தளும்பி மேலெழும் அரிசியை மட்டும் அடுத்த சட்டிக்குச் சாய்ப்பார்கள். பத்துப் பதினைந்து சுழற்சிக்குப் பின் முதல் சட்டியின் அடியில் ஒரு விரற்கடை அரிசியும் அதனடியில் இரண்டு மூன்று கல்லும் நிற்கும். அதே அலுமினியச் சட்டியோடு வாலிநோக்கத்துக்குப் போய், ஒரு கை மணலை அள்ளிக் கடல்நீரில் அதேபோல் சுழற்றினோம். வெள்ளை மணல் முதலில் வழிந்து போயிற்று. கடைசியில் அடியில் ஒரு கருப்புப் பிறை நின்றது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைத் தாளில் சுற்றி அதன்மேல் காட்டியபோது, மேக்னடைட் துகள்கள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொண்டன. மிஞ்சிய கருமையின் நடுவே இளஞ்சிவப்பாகச் சில மணிகள் நின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் மாதுளை முத்தைப் பொடியாக்கியதுபோல் இருந்தது. அதுதான் கார்னெட். பார்த்து முடித்ததும் சட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அலையிலேயே விட்டுவிட்டோம்.

விட்டுவிட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் தாதுமணல் எடுப்பது 2013-இல் தடை செய்யப்பட்டது; 2019-இல் இந்தியக் கடற்கரை முழுவதிலும் அது தனியாருக்கு மூடப்பட்டு, அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் மட்டும் என்றானது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இவை அணுக்கனிமங்களோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. இதற்கு மேல், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கரையில் மணலையும் பாறையையும் தோண்டி எடுப்பதைத் தடுக்கிறது. ஒரு சிமிழ் மணலுக்காக யாரும் வீடு தேடி வரமாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காக அதை உரிமை என்று ஓர் இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடலுக்குள் நிலைமை இன்னும் கடுமையானது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 560 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொண்டது. நம் ஊருக்கு எதிரே இருக்கும் அப்பா தீவும் முல்லித் தீவும் தலையாரித் தீவும் அதில் அடக்கம். பவளப்பாறை வகைகள் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல்குதிரை, கடலட்டை, ராட்சதச் சிப்பி, ஐவிரல் சங்கில் சில வகைகள் ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத்துண்டு என்பதாலும் விலக்குக் கிடையாது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டிய காலம் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் அது பவளக்கல் என்பது விரலுக்கே தெரியும். அப்படி வெட்டி வெட்டித்தான் கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போயிற்று. இதைச் சொன்ன பிறகு அவன் பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முத்தும் அவ்வாறே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல்; அதற்குப் பின் பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) சிப்பி போதிய அளவு சேரவே இல்லை. சங்கு குளிப்பது இன்றும் இங்கே உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் பிழைப்பு. பொழுதுபோக்காளர் அதில் கை வைப்பது முறையும் அன்று.

கரையோர மேடுகளில் தேடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக அகழ்ந்து, ரோமானிய நாணயங்களையும் பானை ஓடுகளையும் பாசிமணிகளையும் எடுத்திருக்கிறது. மழைக்குப் பின் அந்தப் பகுதியில் ஒரு கல்மணி தென்பட்டால் அது மணிக்கல் அன்று, தொல்பொருள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. அக்னி தீர்த்தத்தில் நீராடுவோர் தவறவிட்ட காசையும் நகையையும் மணலில் துழாவி எடுப்பவர்களை நாம் பார்க்கிறோம். தவறவிட்ட தாலிக்கும் மோதிரத்துக்கும் உடையவர் இருக்கிறார் என்பதால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

ஆகவே நம் கரை, பார்க்கவும் கற்கவும் மிகச் சிறந்த இடம், எடுக்க இடமில்லை. பொன்னுக்கு இங்கே வாய்ப்பும் இல்லை. பொன் தங்கும் கடினப்பாறை ராமநாதபுரம் கரையில் வண்டலுக்கும் மணற்கல்லுக்கும் அடியில் ஆழத்தில் கிடக்கிறது. அது மேலே தெரியும் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிச் சுரங்கம் வெட்டிக் கைவிட்டன. அந்தப் பழைய குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து இறந்தவர்கள் உண்டு. யானை நடமாடும் காடு வேறு. நிலம்பூரில் சாலியாற்று மணலை மரத்தட்டில் அரித்துப் பொன் துகள் எடுப்பது அங்குள்ளோரின் பழந்தொழில். வெளியூர்க்காரருக்கு அதற்கென உரிமம் எதுவும் கிடையாது. இவ்விரண்டையும் நான் உடனே நீக்கிவிட்டேன்.

ராயலசீமாவையும் அவன் பட்டியலில் எழுதி வைத்திருந்தான். கர்னூல் மாவட்டத்தின் ஜொன்னகிரி, துக்கலி, அனந்தபூர் மாவட்டத்தின் வஜ்ரகரூர் ஆகிய ஊர்களில் தென்மேற்குப் பருவத்தின் முதல் மழை பெய்ததும், குடும்பம் குடும்பமாக வந்து வயலில் வைரம் தேடுகிறார்கள். வஜ்ரகரூரில் கிம்பர்லைட் என்னும், வைரம் தாங்கிய எரிமலைப் பாறைக் குழாய்கள் இருப்பதால் அது வெறும் கதை அன்று. ஆனால் அங்கே தேடுவோருக்கு உரிமமும் இல்லை, விதைத்த நிலத்தை மிதிக்கிறார்கள் என்று விவசாயிகள் துரத்துவதும் உண்டு, கிடைத்த கல்லை உள்ளூர் வியாபாரி சொன்ன விலைக்கு இரகசியமாகக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். பருவமும் ஜூன், ஜூலை. இவன் விடுப்பு ஐப்பசியில்.

இந்தியாவுக்குள் ஒரு சாதாரண மனிதர் அரசு கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து தேடக்கூடிய இடம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது மத்தியப் பிரதேசத்தின் பன்னா. அங்குள்ள அரசு வைர அலுவலகம் 18 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் எவருக்கும், 8 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள ஒரு துண்டு நிலத்தை ஆண்டுக்கு 200 ரூபாய் கட்டணத்தில் பட்டாவாகக் கொடுக்கிறது. அடையாளச் சான்றும் புகைப்படங்களும் போதும். பட்டா ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிற ஆண்டுக் கணக்கு என்பதால், ஐப்பசியில் போய் வாங்குபவருக்கு இரண்டு மாதம்தான் மிஞ்சும். ராமேஸ்வரத்திலிருந்து காசிக்குப் போகும் வாராந்திர விரைவு வண்டி சத்னாவில் நிற்கிறது. அங்கிருந்து சாலை வழியே 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் கரையிலிருந்து இவ்வளவு நேரான வழி வேறு எதற்கும் இல்லை.

வேலைதான் கடினம். மேல்மண்ணை வெட்டி ஒதுக்கி, 'சால்' என்று அவர்கள் சொல்லும் சரளைப் படுகை வரை இறங்க வேண்டும். அது சில அடியிலும் இருக்கலாம், முப்பது அடியிலும் இருக்கலாம். அந்தச் சரளையை மேலே கொண்டுவந்து தொட்டியில் மிதித்துக் கழுவி, களிமண் போன பின் வெயிலில் உலர்த்தி, முறத்தில் புடைத்து, சாணமிட்டு மெழுகியதுபோல் சமனாக்கிய தரையில் பரப்பி, குந்தி உட்கார்ந்து கையால் தள்ளித் தள்ளிக் கண்ணால் தேட வேண்டும். தனி ஆளாக 15 நாளில் அந்தக் குழியின் கால்வாசியைக்கூடப் பார்க்க முடியாது. ஆள் வைத்தால் இவனுடைய சேமிப்பு கூலிக்கே போய்விடும். 2018-இல் ஒரு கூலித்தொழிலாளிக்கு 42.59 காரட் வைரம் கிடைத்து ஏலத்தில் 2 கோடியே 55 லட்சம் ரூபாய்க்குப் போனது உண்மைதான். வெறுங்கையோடு டிசம்பரைக் கடப்பவர்களே பெரும்பாலோர் என்பதும் உண்மை. இவனைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பன்னாவில் கிடைத்த வைரத்தை வைர அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் ஏலம் விட்டு, உரிமத்தொகையும் வரியுமாகச் சுமார் 12 விழுக்காடு கழித்துக்கொண்டு மீதியைப் பணமாகக் கொடுப்பார்கள். வரவு வேண்டுபவருக்கு இது நாணயமான ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். கல்லையே வைத்துக்கொள்ள விரும்புபவனுக்கு இது பொருந்தாது.

எஞ்சியது காங்கேயம். கரூரிலிருந்து காங்கேயம் வரை நீளும் பட்டையில் பெரில் வகைகள், சந்திரகாந்தக்கல், செவ்வந்திக்கல், குருந்தம் எல்லாம் கிடைக்கின்றன. படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அக்வாமரைன் வெட்டி எடுத்தார்கள். சிவன்மலையின் குருந்தம் நிலவியல் மாணவர்களுக்குப் பாடம். நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கற்களை அறுத்து மணி கோத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையும் உழவும் முடிந்த நிலத்தில் கல் மேலே தெரியும் என்பதால் பருவமும் ஒத்து வருகிறது. ஆனால் சட்டம் இங்கும் அதேதான்: தோண்டினால் குற்றம், நிலத்துக்காரரின் சம்மதம் மட்டும் அதை மாற்றாது. எனவே அவனுக்கு நான் சொன்ன முறை இது. மண்வெட்டி, கடப்பாரை எதுவும் கொண்டுபோகக் கூடாது. நிலத்துக்காரரிடம் முறையாகக் கேட்டு, அவரோடு சேர்ந்தே நிலத்தைச் சுற்றிப் பார்க்கலாம். பாறை எப்படி ஓடுகிறது, கல் எந்தக் குவார்ட்ஸ் நாளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மேசைக்கு வேண்டிய கல்லை, காங்கேயத்திலோ கரூரிலோ பட்டை தீட்டும் பட்டறையில் பட்டை தீட்டாத நிலையில் பில் போட்டு வாங்கலாம். கண்டெடுத்த பெருமை அதில் இல்லை என்று அவன் முகம் வாடியது. அந்த வருத்தம் நியாயமானது, அதைத் தீர்க்க இந்தியாவுக்குள் வழி இல்லை.

இலங்கையைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரத்தினபுரியில் மணிக்கல் தங்கும் சரளைக்கு 'இல்லம்' என்றே பெயர். ஆனால் அகழ்வு உரிமத்தைத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை இலங்கைக் குடிமக்களுக்கே கொடுக்கிறது. கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் அந்தச் சபையின் வழியாகத்தான். பார்வையாளராகப் போய் வரலாம், அவ்வளவுதான்.

தேடவும் எடுத்துக்கொள்ளவும் ஒருசேர உரிமை கொடுக்கும் சட்டங்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இவனுடைய காக்கா (அண்ணன்) பிரிஸ்பேனில் வேலை பார்ப்பதால் குயின்ஸ்லாந்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அங்கே பொழுதுபோக்குத் தேடலுக்கென்றே தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. இணையத்திலேயே வாங்கலாம், சுற்றுலாப் பயணியும் வாங்கலாம். எமரால்டு நகருக்கு மேற்கே சஃபையர், ரூபிவேல் என்று ஊர்ப்பெயர்களிலேயே கல்லின் பெயர் இருக்கும் நீலக்கல் வயல்களில், தேடலுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், மண்வெட்டி, சல்லடை போன்ற கைக்கருவிகளால் மட்டும் தோண்டலாம், இயந்திரம் கூடாது, கிடைத்தது தேடியவருக்கே. பிரிஸ்பேனிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். பொன்தான் வேண்டுமென்றால் விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்ற தாள் 10 ஆண்டுக்குச் செல்லும். உலகின் மிகப் பெரிய பொற்கட்டிகளுள் ஒன்றான 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' 1869-இல் கிடைத்தது அந்த மாநிலத்தில்தான். நியூசிலாந்தில் பொது மக்களுக்கென ஒதுக்கிய ஆற்றங்கரைகளில் உரிமமே இல்லாமல் கைத்தட்டால் பொன் அரிக்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 37.5 ஏக்கர் உழுத வயல் ஒன்றை 1972 முதல் மாநிலப் பூங்காவாக நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் கட்டியவர் கண்டெடுத்த வைரம் அவருக்கே.

ஆனால் அந்த வைரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்ப முடியாது. பட்டை தீட்டாத வைரம் நாடு விட்டு நாடு போக, அது போர்க்குழுக்களின் வைரம் அன்று என்று அரசு தரும் கிம்பர்லி சான்று வேண்டும். இந்தியா அந்த ஏற்பாட்டில் 2003 முதல் இருக்கிறது. நீலக்கல்லுக்கு அப்படிப்பட்ட சான்று தேவையில்லை, சுங்கத்தில் அறிவித்தால் போதும். பொற்கட்டியையும் அறிவித்து, கேட்கும் தீர்வையைக் கட்டத்தான் வேண்டும். வளைகுடாவிலிருந்து வருவோர் நிறைந்த நம் பகுதியில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே வைரத்தைவிட நீலக்கல் இவனுக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன்.

மூன்று நாள் காங்கேயத்துக்குப் போய்வந்தான். படியூரில் ஒரு விவசாயி தன் கிணற்று மேட்டில் நின்றபடி இரண்டு மணி நேரம் அவனுக்குப் பாறையைக் காட்டியிருக்கிறார். பட்டறையில் 650 ரூபாய்க்கு வாங்கிய, புளியங்கொட்டை அளவுள்ள ஒரு சந்திரகாந்தக்கல்லும் அதன் பில்லும் இப்போது அவன் மேசையில் இருக்கின்றன. மீதிப் பணத்தைத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறான். இரண்டு ஆண்டில் விமானச் சீட்டுக்குச் சேர்ந்துவிடும். ரூபிவேலில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெயில் தணிந்திருக்கும் என்பதால் அந்த மாதங்களில் போவதென்றும், உரிமத்தைக் கிளம்பும் வாரத்தில் வாங்குவதென்றும் பேசி வைத்திருக்கிறோம். உம்மாவின் சட்டியையும் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.